முன்னுரை சொன்னதும் பாட்டு செய்ததும்

'பாஞ்சாலி சபத'த்தின் முதற்பாகத்தைப் பாரதி 1912-இல், புதுச்சேரியில் இருந்தபோது வெளியிட்டார். இரண்டாம் பாகம் அச்சேறியது 1924-இல்; அவர் மறைந்து மூன்றாண்டு ஆகியிருந்தது. சொல்லும் நடையும் சந்தமும் மெட்டும் பொதுமக்களுக்கு எட்ட வேண்டும், ஓரிரு வருடம் நூல் படித்துப் பழகியவருக்கும் பொருள் விளங்க வேண்டும் என்று முன்னுரையில் கொள்கை வகுத்தார். நூலுக்கு எழுதிய குறிப்பிலோ, இது பெரும்பாலும் வியாச பாரதத்தின் மொழிபெயர்ப்பே, கற்பனையில் தம் பங்கு அதிகமில்லை, தமிழ் நடைக்கு மட்டுமே தாம் பொறுப்பு என்றார்.

முதற்கொள்கையைப் பாட்டு பெரிதும் காப்பாற்றுகிறது. தொடக்கத்துப் பிரம துதிக்கு ஓரிரு வருடப் படிப்புப் போதாது என்பது உண்மைதான். ஆனால் கதை சூதாட்டத்துக்கு வந்ததும் பாட்டின் மெட்டு கேட்பவரைத் தன்னோடு இழுத்துக்கொண்டு ஓடுகிறது. செங்கல்பட்டு வட்டாரத்துத் திரௌபதி அம்மன் திருவிழாக்களில் விடிய விடியக் கூத்துப் பார்த்தவர்களுக்கு அந்த வேகம் புதிதல்ல.

குறிப்பில் சொன்னதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. தருமன் நாட்டைப் பணயம் வைக்கும் இடத்தில் கதை சொல்பவர் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வருகிறார். பூசை செய்பவனே கோயில் சிலையை விற்பதுபோல என்று வைகிறார். அடிமை நாட்டில் பிறந்த கவிஞரின் கோபம் அது. வியாசர்மீது அதைச் சுமத்த முடியாது. உவமை பாரதியுடையது, அதைச் சொன்ன தமிழ் எந்தத் தெருவிலும் புரியும். இரண்டு கொள்கைகளில் ஒன்று நிறைவேறும் அதே வரிகளில் மற்றது உடைகிறது.

இன்னும் பெரிய சான்று, அத்தினாபுரம் போகும் வழியில் அருச்சுனன் பாஞ்சாலிக்கு அந்தி வானத்தைக் காட்டும் இடம். கதைக்கு அது தேவையே இல்லை. பீர்க்கன்கரணை ஏரியின்மேல் வானம் சிவக்கும் வேளையில், ஜி.எஸ்.டி. சாலை இரைச்சலுக்கு நடுவிலும் நான் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பது அந்தப் பாடல்களைத்தான். கணத்துக்குக் கணம் நிறம் மாறும் வானத்தை அவன் வியந்து வியந்து காட்டுகிறான். முடிவில் காயத்திரியின் பொருள் தமிழாகிறது. முன்னுரையின் எளிமைக்குள்ளும் குறிப்பின் அடக்கத்துக்குள்ளும் இந்த மாலை அடங்காது. சபையில் கூந்தலைப் பற்றி இழுக்கப்படப்போகும் பெண்ணுக்கு, அதற்கு முன் ஒரு பொழுதாவது அமைதியாக வானம் பார்க்கக் கிடைக்கட்டும் என்று பாரதிக்குத் தோன்றியிருக்கிறது. வியாசர் அவளுக்கு அதைக் கொடுக்கவில்லை.