போல்ட்டால் பூட்டிய கார்

திருமுல்லைவாயலில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகைக்குள் அந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு நின்றிருந்தது. 1971 மாடல். நாலு டயரும் காற்றில்லாமல் தரையோடு உட்கார்ந்துவிட்டன. "தொண்ணூறாயிரம் குடுத்துட்டு எடுத்துட்டுப் போங்க தம்பி" என்றார் பெரியவர். எடுத்துக்கொண்டு போவதா? தள்ளிக்கொண்டு போவதே கஷ்டம்.

வாங்கலாமா வேண்டாமா என்று மூன்று வாரம் அலைந்தேன். விடை கிடைத்தது மெக்கானிக்கிடம் அல்ல, வரலாற்றில்.

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு கார் பாடி செய்து கொடுத்துவந்த நிறுவனத்தை 1953இல் போட்டியாளரான பி.எம்.சி. வாங்கிவிட்டது. முழு உடலையும் ஒரே கூடாகச் செய்யும் புது முறைக்கு இவர்களுக்கு ஆள் இல்லை. வேறு வழியின்றி அடியில் தனி சேஸிஸ், மேலே பல இடங்களில் அடித்த தகடுகள், எல்லாவற்றையும் போல்ட் போட்டுப் பூட்டினார்கள். வடிவம் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி வரைந்தது. 1959இல் ஹெரால்டு வந்தது. கையாலாகாத நிலையில் பிறந்த யோசனைதான், ஆனால் பெட்டியில் அனுப்பி வேறு நாட்டில் பூட்டவும் அதுவே வசதியாகிவிட்டது. 1961இல் வண்டலூர் பக்கத்து ஸ்டாண்டர்டு ஆலையிலிருந்து நம் ஊர் ஹெரால்டு வெளிவந்தது. 948 சி.சி. எஞ்சின். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும், கிட்டத்தட்ட நம்ம ஆட்டோ மாதிரி.

இந்தியாவில் கார் விற்க வேண்டுமானால் பாகங்களையும் படிப்படியாக இங்கேயே செய்ய வேண்டும் என்பது 1953 முதல் அரசின் கொள்கை. அதன் பலனை எங்கள் பக்கம் பஸ்ஸில் போனாலே பார்க்கலாம். 1959இல் அம்பத்தூரில் டன்லப். பிறகு பாடியில் வரிசையாக வீல்ஸ் இந்தியா, லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா. இந்த ஆலைகளுக்கு வேலை செய்து கொடுத்தே எத்தனையோ லேத் பட்டறைகள் வளர்ந்தன. கொட்டகை வண்டியின் டிஸ்ட்ரிபியூட்டரைத் துடைத்தபோது லூகாஸ் டிவிஎஸ் என்ற எழுத்து தெரிந்தது. பெரியவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, "நம்ம பாடி சரக்கு" என்றார்.

ஆக, சரிசெய்ய முடியுமா என்றால் முடியும். ஒரு பக்கத் தகடு போனால் கழற்றி வேறு போடலாம். புஷ் தேய்ந்திருந்தால் எஸ்டேட்டில் கடைந்து வாங்கலாம். முன்கண்ணாடியும் கதவு ரப்பரும்தான் உயிரை எடுக்கும். எல்லாவற்றுக்கும் மேல் சேஸிஸ். பெயிண்ட் பளபளப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள், படுத்து அடியில் பாருங்கள். பின்பக்கச் சட்டத்தில் ஸ்க்ரூ டிரைவரால் குத்தினேன், உள்ளே போய்விட்டது. போட்ட காசு விற்கும்போது திரும்பாது என்பது அங்கேயே உறுதியாயிற்று. நான் சேர்த்து வைத்திருப்பது 3 லட்சம். அதுவும் வீட்டு அட்வான்ஸுக்கு.

அடுத்தது காகிதம். 2021 விதிப்படி 50 வயது தாண்டிய வண்டியை 20,000 ரூபாய் கட்டி விண்டேஜ் என்று பதியலாம், நம்பரில் 'விஏ' வரும். ஆனால் அதில் தினமும் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்பு, அவ்வளவுதான்.

ஆர்.சி. புக்கைக் கேட்டேன். டிரங்க் பெட்டியிலிருந்து எடுத்தார். அது இறந்துபோன அவருடைய அண்ணன் பெயரில் இருந்தது.

"அண்ணன் பசங்க மூணு பேரு. ஒருத்தன் மஸ்கட்ல."

"மூணு கையெழுத்தும் வரட்டும் ஐயா, அப்புறம் பேசலாம்" என்றேன்.

தெருமுனை வரை கூடவே வந்தார். "எழுபதுக்குக்கூட முடிச்சுக்கலாம் தம்பி."