மேக் முதல் கூடா வரை... ஒரு சார்புக் கணக்கு

பெரிய மென்பொருள் எதையும் யாரும் முதல் வரியிலிருந்து தாமே எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதி வைத்த லைப்ரரிகளை எடுத்துச் சேர்த்துக்கொள்வார்கள். எது எதை நம்பி இருக்கிறது, எந்தப் பதிப்பு வேண்டும் என்ற கணக்கை யார் வைத்துக்கொள்வது? அதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு.

1976, அமெரிக்காவின் பெல் ஆய்வகம். ஸ்டீவ் ஜான்சன் என்பவர், சரியாக இருந்த ஒரு நிரலில் பிழை தேடி ஒரு காலைப்பொழுதையே வீணாக்கினார். பிழை ஏற்கெனவே திருத்தப்பட்டிருந்தது. திருத்திய கோப்புதான் மீண்டும் கம்பைல் செய்யப்படவில்லை! அவர் புலம்பலைக் கேட்ட ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியதுதான் 'மேக்'. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும், தேவையானதை மட்டும் அது மீண்டும் கம்பைல் செய்யும்.

மேக்கில் கட்டளை வரி 'டேப்' எழுத்தில்தான் தொடங்க வேண்டும். இது தொல்லை என்று ஃபெல்ட்மனுக்குச் சீக்கிரமே தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் சுமார் 12 பேர் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள், பெரும்பாலும் நண்பர்கள். அவர்களுக்குச் சிரமம் வேண்டாமென்று அப்படியே விட்டார். அந்த டேப் இன்றும் இருக்கிறது!

2007ல் என்விடியா 'கூடா'வை வெளியிட்டதும் கணக்கு இன்னும் சிக்கலானது. ஜி.பி.யு.வுக்கான நிரலும் சி.பி.யு.வுக்கான நிரலும் ஒரே கோப்பில் இருக்கலாம். என்விடியாவின் கம்பைலர் இரண்டையும் பிரித்து, சி.பி.யு. பகுதியைக் கணினியில் உள்ள வழக்கமான கம்பைலரிடம் கொடுக்கும். ஆக, கூடா, அந்தக் கம்பைலர், ஜி.பி.யு. டிரைவர் மூன்றின் பதிப்புகளும் ஒத்துப்போக வேண்டும். இல்லையென்றால் நிரலில் பிழையே இல்லாமல் வேலை நிற்கும். ஜான்சனின் காலைப்பொழுது மறுபடியும் வந்துவிட்டது!

இங்கே உதவிக்கு வந்தது 'சிமேக்'. ஒவ்வொரு கணினிக்கும் ஏற்ற மேக் கோப்பை எழுதித் தரும் கருவி இது, 2000ல் பிறந்தது. கூடாவைத் தேடிக் கண்டுபிடிக்கும் தொகுதி ஒன்று 2009ல் 2.8 பதிப்பில் சேர்ந்தது. 2017ல் 3.8 பதிப்பு கூடாவை ஒரு மொழியாகவே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் பழைய தொகுதியைக் கைவிடச் சொல்லி அறிவிப்பும் வந்தது. கூடா லைப்ரரிகளைக் கண்டுபிடிக்கப் புதிய தொகுதி 2020ல் வந்தது. பழையதை நீக்கியதோ 2023ல்தான். அப்போதும் பழைய திட்டங்கள் கேட்டால் கிடைக்க வழி வைத்தார்கள்.

ஏன் இத்தனை தயக்கம்? ஃபெல்ட்மனின் 12 நண்பர்கள்தான் பதில். சார்ந்திருப்பவருக்கு மட்டுமல்ல, தாங்குபவருக்கும் அது ஒரு கட்டு. நம்மை நம்பி நாலு பேர் வந்துவிட்டால், நினைத்தபடி மாற முடியாது...