எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர்கள்: சேரிப் பள்ளியின் வாசிப்பு வரலாறு

'சேரிப் புள்ளைக்குப் படிப்பு ஏறாது' என்பது தமிழ்நாட்டில் மிக அதிகமாகப் புழங்குகிற கல்விக் கோட்பாடு. எந்தப் பல்கலைக்கழகமும் இதைப் பாடமாக வைக்கவில்லை. ஆனாலும் ஆசிரியர் அறையிலிருந்து டீக்கடை வரை எல்லோருக்கும் இது மனப்பாடம். ஐந்தாம் வகுப்பு முடித்த பிள்ளைக்கு ஒரு பத்தி வாசிக்க வரவில்லை என்றால், பழி முதலில் பிள்ளையின் மண்டை மேல் விழுகிறது. அடுத்து குடிக்கிற அப்பன் மேல். அதற்கும் அடுத்து 'வேலை பாக்காத வாத்தியார்' மேல். இந்த மூன்றையும் தாண்டி யாரும் போவதில்லை. வாசிக்கச் சொல்லிக் கொடுப்பது என்ன மாதிரியான வேலை, சேரியில் அதை யார் செய்தார்கள், செய்தவருக்கு யார் துணை நின்றார்கள் என்ற கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அதை நாம்தான் எழுதியாக வேண்டும்.

திண்ணையும் மணலும்

பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தைப் பற்றி ஏக்கத்தோடு எழுதுகிறவர்கள் உண்டு. மணலில் விரலால் எழுத்தைப் போட்டு, உரக்கச் சொல்லி, ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் எண்சுவடியும் மனப்பாடம் செய்கிற முறை அது. மூத்த பையன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789 முதல் 1796 வரை சென்னையில் அநாதைப் பிள்ளைகளின் விடுதிப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார் இந்த மணல் எழுத்தைப் பார்த்துவிட்டுத் தன் பள்ளியில் செய்து பார்த்தார். 1797இல் அதைப் பற்றி லண்டனில் ஒரு புத்தகமும் போட்டார். 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு அது இங்கிலாந்தின் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுத்தது. கடல் தாண்டிப் போன முறைக்கு, திண்ணையிலிருந்து இறங்கித் தெரு தாண்டிச் சேரிக்கு வர மட்டும் வழி கிடைக்கவில்லை.

1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ மாகாணம் முழுக்கப் பள்ளிக்கூடங்களைக் கணக்கெடுக்கச் சொன்னார். 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று கணக்கு வந்தது. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு தரம்பால் 1983இல் வெளியிட்ட நூலில், வெள்ளைக்காரன் வருமுன்பே சூத்திரர்கள் பெருமளவில் படித்தார்கள் என்று வாதிட்டார். இருக்கட்டும். பறையர், பள்ளர், சக்கிலியர் பிள்ளைகள் எத்தனை பேர் என்று கேட்டால் அந்த அட்டவணை வாய் திறப்பதில்லை. 'சூத்திரர்', 'மற்ற சாதிகள்' என்று பொதுத் தலைப்புகளில் எல்லாரையும் போட்டு அடைத்துவிட்டார்கள். சூத்திரர் படித்தார்கள் என்பதாலேயே சேரி படித்தது என்று ஆகிவிடாது. திண்ணை என்பது ஒரு வீட்டின் திண்ணை. யார் வீட்டுத் திண்ணை, அதில் யார் ஏறலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

இதனால் சேரியில் எழுத்தே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சித்த வைத்தியம், சோதிடம் என்று ஏடு படித்த குடும்பங்கள் நம்மிடம் இருந்தன. அயோத்திதாசப் பண்டிதர் அப்படிப்பட்ட மரபிலிருந்து வந்தவர். 1907இல் அவர் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' கோலார் தங்கவயல் வரைக்கும், ரங்கூன் வரைக்கும் போனது. எழுத்து நம்மிடமும் இருந்தது. அதை எல்லாப் பிள்ளைக்கும் பரப்புகிற பள்ளிக்கூடம்தான் இல்லை.

வாத்தியாரை எங்கே தேடுவது?

செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த டிரெமன்ஹீர் 1891இல் பறையர் நிலைமை குறித்து அரசுக்கு எழுதிய அறிக்கை பிரபலமானது. நிலம் பற்றிய பேச்சில் அதை நாம் அடிக்கடி மேற்கோள் காட்டுகிறோம். அதையொட்டிய காலத்தில், 1893 பிப்ரவரி 1ஆம் தேதி, பஞ்சமர் கல்விக்கென 68ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமர் பள்ளிக்குக் கூடுதல் மானியம், ஆசிரியர் பயிற்சிக்கு வரும் பஞ்சம மாணவருக்கு உதவித்தொகை ஆகியவை அதில் இருந்தன. இந்த இரண்டாவது அம்சத்தை நாம் சரியாகக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றைய சிக்கல் ஒரு செக்கு மாதிரி. சாதி இந்து ஆசிரியர் சேரிக்குள் கால் வைக்க மாட்டார். ஆகவே வாத்தியார் சேரியிலிருந்தே வரவேண்டும். வாத்தியார் ஆக மேல் வகுப்பு படித்திருக்க வேண்டும். மேல் வகுப்புப் பள்ளியோ அக்ரகாரத்திலோ கோயில் சாவடியிலோ இருக்கும். அங்கே நம் பிள்ளை நுழைய முடியாது. எனவே வாத்தியார் கிடையாது. எனவே பள்ளி கிடையாது. இந்தச் செக்கை உடைக்க ஒரே வழி, சேரியிலிருந்து வருகிற ஆசிரியரைத் தனியாகக் கை கொடுத்துத் தூக்கிவிடுவதுதான்.

கூடவே இன்னொரு கொடுமையும் இருந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்தில் 'பலனுக்கேற்ற மானியம்' என்று ஒரு ஏற்பாடு. இன்ஸ்பெக்டர் வருவார், பிள்ளைகளை வாசிக்கச் சொல்வார், கணக்குக் கேட்பார். எத்தனை பேர் தேறினார்களோ அதற்குத் தக்கபடி பள்ளிக்குப் பணம். நடவுக்கும் அறுப்புக்கும் பிள்ளைகள் போய்விடுகிற சேரிப் பள்ளியில் இதன் பொருள் என்ன? பண்ணையார் பிள்ளையை வேலைக்கு இழுத்துப் போனால் வாத்தியாரின் வயிறு காயும். இன்ஸ்பெக்டர் கேட்கப் போகிற பாடத்தையே திரும்பத் திரும்ப ஒப்பிக்க வைத்தால் பிழைக்கலாம். புரியாமல் ஒப்பிக்கிற படிப்பு நமது பிள்ளைகளின் பிறவிக் குணம் என்பார்கள். அதற்குப் பின்னால் இப்படி ஒரு மானியச் சட்டமும் இருந்திருக்கிறது.

இதற்கு நடுவில் வேறு முயற்சிகளும் நடந்தன. 1894இல் கர்னல் ஆல்காட் அடையாறு அருகே ஊரூரில் பஞ்சமர் இலவசப் பள்ளியைத் தொடங்கினார். பிறகு சென்னையில் மேலும் சில பள்ளிகள் வந்தன. அமெரிக்காவிலிருந்து வந்து இவற்றை மேற்பார்த்த பெண்கள், கிண்டர்கார்டன் முறையை இங்கே செய்து பார்த்தார்கள். பொருளைக் கையில் கொடு, பேச வை, பிறகு எழுத்துக்கு வா என்பது அதன் சாரம். அவர்களில் ஒருவரான கோர்ட்ரைட் அம்மையார் இந்தக் கற்பித்தலைப் பற்றி 1906இல் ஒரு சிறு நூலே எழுதினார். ஆல்காட்டையும் அந்த அம்மாக்களையும் வரலாறு பெயர் சொல்லி வைத்திருக்கிறது. அந்த வகுப்பறைகளில் தினம் தினம் 'அ' போட வைத்த வாத்தியார்களில் பெரும்பாலோர் பெயரில்லாமல் போய்விட்டார்கள். தப்பித்த பெயர் ஒன்று உண்டு. 1898இல் அயோத்திதாசர் ஆல்காட்டோடு கொழும்பு போய் பௌத்தம் ஏற்றபோது உடன் சென்ற கிருஷ்ணசாமி, பஞ்சமர் பள்ளி ஆசிரியர். தமிழ் பௌத்த இயக்கத்தின் முதல் பயணத்திலேயே ஒரு சேரிப் பள்ளி வாத்தியார் இருந்தார் என்பதை நாம் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

எம்.சி.ராஜாவும் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர்தான். சுவாமி சகஜானந்தர் 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கினார். எல்.சி.குருசாமி அருந்ததியர்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். நமது அரசியல் மேடையில் பிறந்தது என்று நினைக்கிறோம். அதற்கு முன்பே அது கரும்பலகைக்கு முன்னால் பிறந்துவிட்டது.

அரை நாள் பள்ளி

1953இல் ராஜாஜி கொண்டுவந்த திட்டத்தில் கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு மூன்று மணி நேரம். மீதி நேரம் அப்பன் தொழில். குலக்கல்வி என்று பெயர் வாங்கி, எதிர்ப்பில் சிக்கி, 1954இல் காமராஜர் ஆட்சியில் அது கைவிடப்பட்டது. இந்தத் திட்டத்தைச் சாதி அரசியலாக மட்டும் பேசுகிறோம். வாசிப்பின் பக்கமிருந்தும் பேச வேண்டும். வீட்டில் ஒரு புத்தகமும் இல்லாத பிள்ளைக்கு எழுத்து கண்ணில் படுகிற ஒரே இடம் பள்ளிக்கூடம். அந்த நேரத்தைப் பாதியாக்குவது எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவு நட்டமில்லை. அக்ரகாரத்துப் பிள்ளை மீதி நேரத்தில் வீட்டில் வாசிக்கும். சேரிப் பிள்ளை மீதி நேரத்தில் செருப்புத் தைக்கும், மாடு மேய்க்கும்.

லேபர் பள்ளிக்கூடங்கள் ஹரிஜன நலப் பள்ளிகள் ஆயின, பிறகு ஆதி திராவிடர் நலப் பள்ளிகள் ஆயின. பலகை மாறியது. ஒரே ஆசிரியர் இரண்டு மூன்று வகுப்பை ஒரே கூடத்தில் மேய்ப்பது மாறவில்லை. நான் அப்படி ஒரு கூடத்தில் படித்தவன். மூன்றாம் வகுப்புக்குக் கணக்குப் போட்டுவிட்டு சார் ஒன்றாம் வகுப்புக்கு வருவதற்குள் பாதிப் பேர் தூங்கியிருப்போம். அவரிடம் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அவருக்கு இரண்டு கைதான் இருந்தது.

அம்மா வாசித்த கணக்கு

எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1991இல் அறிவொளி இயக்கம் வந்தது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டதை எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் வேறொன்றைச் சொல்கிறேன். அந்த ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டின் எழுத்தறிவு 62.66 சதவீதம். தாழ்த்தப்பட்ட மக்களில் 46.74. நமது பெண்களில் 34.89. மூன்று பெண்களில் இருவருக்கு எழுத்து தெரியாது. அந்த இருவரில் ஒருத்தி எங்கம்மா. கல் குவாரியில் ஜல்லி உடைத்துக்கொண்டிருந்தது.

எங்கள் தெருவில் பிளஸ் டூ பெயிலான அக்கா ஒருத்திதான் தொண்டர். சம்பளம் கிடையாது. பிரேசிலின் அங்கிகோஸ் ஊரில் 1963இல் பாவ்லோ பிரையர் சுமார் 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் வாசிக்கக் கற்பித்ததெல்லாம் அந்த அக்காவுக்குத் தெரியாது. அவர் சொன்னதைத்தான் அதுவும் செய்தது. வாழ்க்கையில் புழங்குகிற சொல்லிலிருந்து எழுத்துக்குப் போனது. அம்மாவுக்கு அது போட்ட முதல் சொற்களில் ஒன்று 'பற்று'. குவாரிக் கணக்கு நோட்டில் இருக்கிற சொல். சில மாதம் கழித்து அம்மா அந்த நோட்டை எட்டிப் பார்த்து, தான் வாங்காத முன்பணம் தன் பேரில் ஏறியிருப்பதைக் கண்டுபிடித்தது. 'ஒனக்கு யாருடி படிக்கச் சொல்லிக் குடுத்தா?' என்று காண்டிராக்டர் கத்தினாராம். இதை அம்மா இன்றைக்கும் சிரித்துச் சிரித்துச் சொல்லும். எனக்கு அந்தக் கேள்வி முக்கியமாகப்படுகிறது. 'என்ன படிச்சே' என்று அவர் கேட்கவில்லை. யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்டார். ஆபத்து எங்கிருந்து வருகிறது என்பது ஆதிக்கத்துக்குத் தெரிந்திருக்கிறது.

இயக்கம் வடிந்தபின் அந்த அக்காவைத் தேடி யாரும் வரவில்லை. பயிற்சி கொடுத்து வாத்தியார் ஆக்கியிருக்கலாம். நூலகம் ஒன்றைக் கையில் கொடுத்திருக்கலாம். அது களையெடுக்கப் போனது.

'வீட்டிற்கு' என்பதை 'வூட்டுக்கு' என்று வாசிப்பது

எங்கள் தெருவில் இப்போது சில நண்பர்கள் சேர்ந்து மாலை வகுப்பு நடத்துகிறோம். அங்கே பார்த்ததை வைத்து வாசிப்பு முறை பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழுக்கு 247 எழுத்து என்று பயமுறுத்துகிறார்கள். உண்மையில் உயிரையும் அகர மெய்யையும் துணைக் குறிகளையும் பிடித்துக்கொண்டால் மீதி கூட்டல்தான். 1978இல் 'ணை', 'லை', 'றா', 'னா' போன்ற எழுத்துகளின் தனி வடிவங்களை நீக்கிப் பெரியார் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்றதும் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. எழுத்து பெரிய மலை இல்லை. மலை வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு பெண் பிள்ளை 'வீட்டிற்குச் சென்றான்' என்ற வரியை 'வூட்டுக்குப் போனான்' என்று வாசித்தது. பள்ளியில் இதற்கு அடி விழுந்திருக்கிறது. 'சேரி பாஷை' என்று பட்டமும் கிடைத்திருக்கிறது. யோசித்துப் பாருங்கள். எழுத்தைப் பார்த்து, பொருளைப் புரிந்துகொண்டு, தன் மொழியில் சொல்லிவிட்டது அந்தப் பிள்ளை. வாசிப்பின் நோக்கமே அதுதான். பக்கத்தில் ஒரு பையன் ஒவ்வொரு எழுத்தாகப் பிசகில்லாமல் கூட்டினான். அர்த்தம் கேட்டால் முழித்தான். அவனுக்கு 'சரி' போடுவார்கள். முதல் பிள்ளைக்கு இனிமேல் எழுத்து வடிவத்தை உற்றுப் பார்க்கச் சொல்லித் தர வேண்டும். இரண்டாவது பையனோடு பேச வேண்டும். இருவருக்கும் மருந்து வேறு. எழுத்து முறையா, சொல் முறையா என்று அறிஞர்கள் மோதிக்கொள்கிறார்கள். வகுப்பில் இரண்டுமே வேண்டியிருக்கிறது. எந்தப் பிள்ளைக்கு எப்போது எது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த ஆள்தான் முக்கியம். அந்தத் தேர்ச்சி சர்க்குலரில் வராது. சக ஆசிரியர்களோடு உட்கார்ந்து, பிள்ளைகள் வாசிப்பதைப் பற்றிப் பேசிப் பேசி வருவது அது.

திட்டங்களுக்குக் குறைவில்லை. 2003 முதல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கி, 2007-08இல் மாநிலம் முழுக்கக் கொண்டுபோனார்கள். அட்டைகள் வந்தன. ஆசிரியர் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். உயரத்திலிருந்து இறங்கிய அந்த ஒரு காரியத்துக்காகவே அதை மதிக்கிறேன். கொரோனாவுக்குப் பின் 2021இல் இல்லம் தேடிக் கல்வி வந்தது. 2022இல் எண்ணும் எழுத்தும் வந்து, பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. பிள்ளை நிற்கிற இடத்திலிருந்து தொடங்கு என்கிற எண்ணம் நல்லது. ஆனால் எனக்குத் தெரிந்த ஆசிரியர்கள், பிள்ளை முகத்தைப் பார்க்கும் நேரத்தைச் செல்போனில் விவரம் ஏற்றும் நேரம் தின்றுவிடுகிறது என்று புலம்புகிறார்கள். பழைய இன்ஸ்பெக்டர் இப்போது பைக்குள் உட்கார்ந்திருக்கிறார்.

2024இல் நீதிபதி சந்துரு குழு, ஆதி திராவிடர் நலப் பள்ளிகளைப் பள்ளிக் கல்வித் துறையோடு இணைக்கச் சொன்னதும் நம்மிடையே வாதம் கிளம்பியது. தனியாக இருப்பதா, சேர்வதா என்பது பெரிய கேள்வி. எந்தத் துறையின் கீழ் இருந்தாலும் நாம் விடக்கூடாத கோரிக்கைகள் உண்டு. ஒன்றாம் இரண்டாம் வகுப்புக்குத் தனி ஆசிரியர் வேண்டும். அவர் அனுபவமுள்ளவராக இருக்க வேண்டும். மாதம் ஒரு நாள் பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடி, வாசிக்கத் திணறும் பிள்ளைகளைப் பற்றி மட்டும் பேச வேண்டும். நமது பேச்சு மொழி வகுப்பறைக்குள் தலை நிமிர்ந்து வர வேண்டும். சேரியில் சொல்லிக் கொடுக்கிற இளைஞருக்குக் கூலியும் பயிற்சியும் மேலே போக வழியும் வேண்டும். 1893இல் ஒரு காலனி அரசுக்குத் தோன்றிய உதவித்தொகை யோசனை, சமூகநீதி அரசுகளுக்குத் தோன்றாமல் போகக் கூடாது.

இயக்கத் தோழர்களுக்கும் மாணவர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் சேரியில் முதன்முதலாக எழுத்துச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கிழவிகளைக் கேளுங்கள். மிஷன் பள்ளி வாத்தியாரோ, லேபர் ஸ்கூல் டீச்சரோ, ராப்பள்ளி நடத்திய சுருட்டுத் தொழிலாளியோ, அறிவொளி அக்காவோ யாராக இருந்தாலும் சரி. என்ன சொல்லிக் கொடுத்தார், எப்படிச் சொல்லிக் கொடுத்தார், என்ன கூலி வாங்கினார், யார் தடுத்தார்கள் என்று எழுதி இந்த இதழுக்கு அனுப்புங்கள். தலைவர்களுக்கு வரலாறு எழுதியாயிற்று. அந்தத் தலைவர்களின் விரலைப் பிடித்து மணலில் 'அ' போட வைத்தவர்களுக்கு இனிமேல்தான் எழுத வேண்டும்.