கம்ப்யூட்டர் திரையில் விடைத்தாள் திருத்தம்: அந்தமான் பள்ளிகளில் என்ன மாறும்?

12ஆம் வகுப்பு விடைத்தாள்களை 2026 பொதுத்தேர்வு முதல் கம்ப்யூட்டர் திரையிலேயே திருத்தப்போவதாக சிபிஎஸ்இ 2026 பிப்ரவரியில் அறிவித்தது. 10ஆம் வகுப்புக்குப் பழைய முறையே தொடரும் என்றும் அது சொன்னது.

சென்னையிலோ டெல்லியிலோ இருப்பவர்களுக்கு இது ஒரு நிர்வாகச் செய்தி, அவ்வளவுதான். அந்தமான் நிகோபார் தீவுகளில் கதையே வேறு. அங்குள்ள அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இ பாடத்திட்டத்தில் இயங்குபவை. வாரியத்தின் சென்னை மண்டலத்தின் கீழ் வருபவை. சென்னைக்கும் ஸ்ரீ விஜயபுரத்துக்கும் (2024 செப்டம்பர் வரை போர்ட் பிளேர்) நடுவில் சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் இருக்கிறது. கப்பலில் போனால் ஏறக்குறைய மூன்று நாள். ஸ்ரீ விஜயபுரத்திலிருந்து தெற்கே கிரேட் நிகோபாரின் கேம்ப்பெல் பே இன்னும் 500 கிலோமீட்டருக்கும் மேல்.

இப்படி ஒரு ஊரில் பேப்பர் திருத்துவது, தேர்வு நடத்துவது, பெற்றோருக்குத் தகவல் சொல்வது எல்லாமே தூரத்தோடு போடும் சண்டைதான். டெக்னாலஜி அந்தச் சண்டையில் எங்கே ஜெயிக்கிறது, எங்கே தோற்கிறது?

திரையில் திருத்துவது என்றால் என்ன?

மாணவர் எழுதுவதில் மாற்றமே இல்லை. அதே பேனா, அதே விடைத்தாள், அதே மூன்று மணி நேரம். மாறுவது அதற்குப் பிறகுதான்.

பேப்பரின் ஒவ்வொரு பக்கமும் ஸ்கேன் செய்யப்படுகிறது. மாணவரின் அடையாளம் மறைக்கப்பட்டு, அந்த ஸ்கேன் பிரதி ஓர் ஆசிரியரின் லாகினுக்குப் போகிறது. அவர் திரையில் ஒரு பக்கம் விடை தெரியும்; பக்கத்திலேயே கேள்வி எண்களும் ஒவ்வொன்றுக்கும் தரக்கூடிய அதிகபட்ச மார்க்கும் இருக்கும். படித்துப் பார்த்து அவர் மார்க்கைப் பதிவு செய்ய, கூட்டல் வேலையை மென்பொருள் பார்த்துக்கொள்ளும். இத்தகைய மென்பொருள்களில் பொதுவாக ஒரு கட்டுப்பாடும் உண்டு: எல்லாப் பக்கங்களையும் திறந்து பார்க்காமல் 'சப்மிட்' கொடுக்க முடியாது. ஒரு கேள்விக்கு 5 மார்க் என்றால் தவறிப்போய் 6 போடவும் முடியாது.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்த யாரையாவது கேளுங்கள். கடைசிப் பக்கத்தில் எழுதிய விடையைத் திருத்தாமல் விட்டது, உள்ளே போட்ட மார்க்கை முகப்புப் பக்கத்துக்கு மாற்றும்போது தவறவிட்டது, 68 என்பது 58 ஆனது என்று கதைகள் வரும். இதெல்லாம் ஆசிரியரின் பாடஅறிவு சம்பந்தப்பட்ட பிழை அல்ல. ஒரு நாளில் கட்டுக்கட்டாகப் பேப்பர் பார்க்கும் மனிதரின் களைப்பு. கம்ப்யூட்டர் தீர்ப்பது இந்த வகைப் பிழையைத்தான். கூட்டல் பிழைக்கு இனி இடமில்லை என்பதால், ரிசல்ட்டுக்குப் பிறகு மார்க் சரிபார்ப்பே தேவைப்படாது என்று சிபிஎஸ்இ தன் அறிவிப்பில் சொல்லியிருக்கிறது.

அப்போ ஏஐ-தான் மார்க் போடுமா?

இல்லை. இந்தக் குழப்பம் நிறையப் பேருக்கு இருக்கிறது. திரையில் திருத்துவது வேறு, இயந்திரம் திருத்துவது வேறு. இங்கே விடையைப் படிப்பதும் மார்க்கைத் தீர்மானிப்பதும் ஆசிரியர்தான். அவருக்குக் கொஞ்சம் தாராள மனசு என்றால் மார்க் கூடும், கறார் என்றால் குறையும். அந்த வித்தியாசத்தைச் சாஃப்ட்வேர் சரிசெய்யாது.

முழுக்க இயந்திரம் திருத்தும் முறை என்றால் அது ஓஎம்ஆர். கொரோனா காலத்தில், 2021 நவம்பர்–டிசம்பரில் சிபிஎஸ்இ நடத்திய முதல் பருவத் தேர்வு ஓஎம்ஆர் தாளில்தான் நடந்தது. எல்லாம் நான்கு விருப்பக் கேள்விகள், வட்டத்தை நிரப்ப வேண்டியதுதான். சீக்கிரம் முடியும், சந்தேகமில்லை. ஆனால் ஒரு கணக்கைப் பாதி வரை சரியாகப் போட்ட பிள்ளைக்கும், எதுவுமே தெரியாமல் வட்டமிட்ட பிள்ளைக்கும் அதில் வித்தியாசமே இருக்காது. அடுத்த ஆண்டே வாரியம் வழக்கமான ஒற்றைத் தேர்வுக்குத் திரும்பிவிட்டது.

தீவுகளுக்கு இதில் என்ன லாபம்?

பழைய முறையில் ஆசிரியர்கள் தங்கள் பள்ளியை விட்டு, திருத்தும் மையத்துக்குப் போக வேண்டும். சென்னையில் அது மெட்ரோவிலோ பைக்கிலோ முடிகிற விஷயம். அந்தமானில் ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்குப் போவது என்பது கப்பல் டிக்கெட், வானிலை, தங்குமிடம் என்று நீளும். வேதியியலுக்கு ஒரே ஒரு ஆசிரியர் இருக்கிற பள்ளியில் அவர் பேப்பர் திருத்தக் கிளம்பிவிட்டால், பிளஸ் ஒன் வகுப்புக்கு வேதியியலே கிடையாது.

திரை முறையில் ஆசிரியர் தன் பள்ளியிலேயே உட்கார்ந்து திருத்தலாம். சிபிஎஸ்இ தேர்வு இந்தியாவோடு நிற்பதில்லை, 26 வெளிநாடுகளிலும் நடக்கிறது. அங்குள்ள ஆசிரியர்களும் இனி திருத்தும் பணியில் சேரலாம் என்கிறது வாரியம். துபாயில் இருப்பவருக்குக் கிடைக்கும் அதே வசதி கார் நிகோபாரில் இருப்பவருக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

கணக்கு சரி. நிபந்தனைகளைப் பார்ப்போம். பள்ளியில் கம்ப்யூட்டர் லேப், விண்டோஸ் 8 அல்லது அதற்கு மேற்பட்ட இயங்குதளம், குறைந்தது 4 ஜிபி ரேம், குறைந்தது 2 எம்பிபிஎஸ் வேகத்தில் நம்பகமான இன்டர்நெட், தடையில்லா மின்சாரம், பப்ளிக் ஸ்டேட்டிக் ஐபி. கடைசியாகச் சொன்னது, பள்ளியின் இணைய இணைப்புக்கு மாறாத ஒரு முகவரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வைஃபையில் அந்த முகவரி அவ்வப்போது மாறும். பள்ளிக்கு மாறாத முகவரி இருந்தால், ஆசிரியர் பள்ளிக்குள் இருந்துதான் லாகின் செய்கிறாரா என்று சரிபார்க்க முடியும்.

2 எம்பிபிஎஸ் என்று படித்ததும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். உங்கள் போனிலேயே அதைவிடப் பல மடங்கு வரும். ஆனால் அந்தப் பட்டியலில் கனமான வார்த்தை 'நம்பகமான' என்பதுதான்.

கடலுக்கடியில் கேபிள் வந்தாச்சே, பிறகென்ன?

2020 வரை அந்தமானின் வெளியுலக இணைப்பு செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. மொத்தத் தீவுகளுக்கும் சேர்த்தே சில ஜிபிபிஎஸ்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3.8 லட்சம் பேர் இருந்த இடம் அது. மழை கொட்டினால் அதுவும் தள்ளாடும். அந்த ஆண்டு மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாடே ஜூமுக்கும் கூகுள் மீட்டுக்கும் போனது. அந்தமான் பிள்ளைகள் போக வேண்டிய பாதை அப்போது இவ்வளவு குறுகலாக இருந்தது.

2020 ஆகஸ்ட் 10ஆம் தேதி சென்னை–அந்தமான் கடலடி ஆப்டிகல் ஃபைபர் கேபிள் திறக்கப்பட்டது. சுமார் 2,300 கிலோமீட்டர் நீளம், செலவு ஏறக்குறைய 1,224 கோடி ரூபாய், செயல்படுத்தியது பிஎஸ்என்எல். சென்னைக்கும் தலைநகருக்கும் இடையே 400 ஜிபிபிஎஸ், மற்ற தீவுகளுக்கு 200 ஜிபிபிஎஸ் என்பது திட்டத்தின் கொள்ளளவு. சும்மா சொல்லவில்லை, தீவுகளின் வரலாற்றில் இது பெரிய பாய்ச்சல்.

ஆனால் கேபிள் எங்கெல்லாம் கரையேறுகிறது என்று பாருங்கள். ஸ்வராஜ் தீவு எனப்படும் ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிகோபார், கமோர்ட்டா, கிரேட் நிகோபார். இந்தப் பட்டியலில் சௌரா இல்லை, தெரேசா இல்லை, கச்சால் இல்லை. கேபிள் கரையேறும் தீவிலும்கூட, அங்கிருந்து பள்ளி வாசல் வரை போகும் கடைசிக் கம்பி தனிக் கதை. சாலை போடுபவர் மண்ணைத் தோண்டும்போது அறுபடுவது கடலுக்கடியில் இருக்கும் கேபிள் அல்ல, இந்தக் கடைசிக் கம்பிதான். கடலுக்குள்ளேயே ஏதாவது ஆனால் பழுதுபார்க்கச் சிறப்புக் கப்பல் வர வேண்டும்.

மின்சாரம் அடுத்தது. அந்தமானுக்கு நாட்டின் மின்தொகுப்போடு இணைப்பு கிடையாது. பெரும்பகுதி மின்சாரம் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது; டீசலும் கப்பலில்தான் வருகிறது. வடக்கு அந்தமானில் 5.25 மெகாவாட் கல்பாங் நீர்மின் நிலையம் இருக்கிறது. நம்ம நெய்வேலி என்எல்சி நிறுவனம் 2020இல் தலைநகர்ப் பகுதியில் பேட்டரி சேமிப்புடன் 20 மெகாவாட் சூரிய மின் நிலையம் அமைத்தது. ஆனாலும் யூபிஎஸ் இல்லாத லேபில் ஒரு ஆசிரியர் பாதிப் பேப்பர் திருத்தியிருக்கும்போது கரன்ட் போனால், அதுவரை போட்ட மார்க் சேமிக்கப்பட்டிருக்குமா என்பது மென்பொருளின் வடிவமைப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு கிளிக்கையும் உடனே சேமிக்கும் வசதி இருக்க வேண்டும். உங்கள் ஆபீஸ் ஆவணத்துக்கு இது சின்னச் சௌகரியம். ஒரு மாணவிக்கு இது கல்லூரி சீட்.

மும்பையில் என்ன நடந்தது?

திரையில் திருத்துவது இந்தியாவுக்குப் புதிது இல்லை. கர்நாடகாவின் விஸ்வேஸ்வரய்யா தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் பத்தாண்டுகளுக்கும் மேலாகச் செய்துவருகிறது. எச்சரிக்கையாக எல்லோரும் சொல்வது மும்பைப் பல்கலைக்கழகத்தை. 2017இல் அது 17 லட்சத்துக்கும் மேற்பட்ட விடைத்தாள்களை ஒரே பருவத்தில் திரைக்கு மாற்றியது. ஸ்கேன் வேலை தாமதமானது, ஆசிரியர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை, ஜூலை இறுதிக் கெடுவும் தாண்டிப் பல வாரங்களுக்கு ரிசல்ட் வரவில்லை. மேற்படிப்புக்கு விண்ணப்பித்த மாணவர்கள் மார்க் ஷீட் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தரே பதவி நீக்கப்பட்டார்.

அங்கே இன்டர்நெட்டும் இருந்தது, கரன்டும் இருந்தது. இல்லாமல் போனது ஒத்திகை. என்னைக் கேட்டால், தீவுகளில் லேப் கட்டுவதற்குச் செலவிடும் காசில் ஒரு பங்கையாவது ஆசிரியர்கள் பழைய விடைத்தாள்களைத் திரையில் திருத்திப் பழகுவதற்கு ஒதுக்க வேண்டும். நாற்பது வருடம் சிவப்புப் பேனாவில் திருத்திய கை அது.

தேர்வு நடத்துவதில்?

இங்கேயும் தூரம்தான் எதிரி. 2018இல் 12ஆம் வகுப்புப் பொருளாதாரம், 10ஆம் வகுப்புக் கணக்கு வினாத்தாள்கள் கசிந்தன. பொருளாதாரத்துக்கு மறுதேர்வு நடந்தது. அதன்பிறகு வினாத்தாளைப் பூட்டிய டிஜிட்டல் கோப்பாக மையத்துக்கு அனுப்பி அங்கேயே அச்சிடும் முறையை வாரியம் சோதித்தது. கப்பலைக் காத்திருக்க வேண்டாம் என்பதால் தீவுகளுக்கு ஏற்ற யோசனை. ஆனால் பிரின்டர் மக்கர் செய்தால் ஓடிப்போய் ஜெராக்ஸ் எடுக்க எல்லாத் தீவிலும் கடை இல்லை.

ஜேஇஇ மெயின் மாதிரி கம்ப்யூட்டர் வழித் தேர்வுகள் தூரத்தைக் குறைப்பதற்குப் பதில் கூட்டிவிடுகின்றன. அவற்றுக்கு மையம் தலைநகரில். கேம்ப்பெல் பே மாணவர் கப்பலில் ஒரு நாளுக்கும் மேல் பயணம் செய்து வர வேண்டும். பேப்பர் பேனா தேர்வு என்றால் உள்ளூர்ப் பள்ளியே மையமாக இருந்திருக்கலாம்.

வகுப்பறைக்குள் எது வேலை செய்கிறது?

நெட் வேண்டாத கருவிகள்தான் இங்கே உண்மையான ஹீரோக்கள். கொலிப்ரி என்ற இலவச மென்பொருளை ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்தால், பள்ளிக்குள் இருக்கும் வைஃபையிலேயே பாடமும் வினாடி வினாவும் ஓடும். வெளி இன்டர்நெட் தேவையே இல்லை. பிளிக்கர்ஸில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஓர் அட்டை. விடைக்கு ஏற்ப அதைத் திருப்பிப் பிடிக்க, ஆசிரியர் தன் போனால் ஸ்கேன் செய்வார். வகுப்புக்கு ஒரே ஒரு போன் போதும். கூகுள் ஃபார்ம்ஸில் டெஸ்ட் வைக்க வேண்டுமானால் எல்லோரிடமும் போனும் டேட்டாவும் இருக்க வேண்டும். ஸ்மார்ட் போர்டிலும் வீடியோக்களை முந்தைய நாளே இறக்கி வைத்துவிடுவது நல்லது. பாடம் நடுவில் அந்தச் சக்கரம் சுற்ற ஆரம்பித்தால் நாற்பது பிள்ளைகளை அடக்கவா முடியும்?

தமிழில் ஸ்லைடு போடுபவர்களுக்குத் தனித் தலைவலி ஒன்று உண்டு. வீட்டில் பாமினி எழுத்துருவில் அடித்துக் கொண்டுபோன ஸ்லைடு, பள்ளிக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துரு இல்லாததால் ஆங்கில எழுத்துக் கூளமாகத் தெரியும். தமிழ்நாடு அரசு 2010இலேயே யூனிகோடைத் தரமாக அறிவித்துவிட்டது. இன்னும் பழைய எழுத்துருவிலேயே கேள்வித்தாள் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். யூனிகோடில் அடித்து, பிடிஎஃப் ஆகவும் ஒரு பிரதி எடுத்துக்கொண்டால் பிரச்னை முடிந்தது.

பெற்றோரோடு பேச வாட்ஸ்அப் குரூப்தான் எல்லாம். ஆனால் அந்தமான் வகுப்பறையை நினைத்துப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி வங்காளம் பேசுவோர் 28 சதவீதம், இந்தி 19, தமிழ் 15, தெலுங்கு 13; நிகோபாரி வேறு. எந்த மொழியில் மெசேஜ் போடுவது? பலருக்கும் வாசிக்கத் தெரிந்த மொழி ஒன்று, பேசப் பழகிய மொழி இன்னொன்று. தீவுகளில் எல்லோருக்கும் பொதுவானது பேச்சு இந்தி என்பதால், நீளமாக டைப் செய்வதைவிட அரை நிமிட வாய்ஸ் நோட் நன்றாகப் போய்ச் சேரும். மார்க் விவரத்தை மட்டும் குரூப்பில் போடாமல் தனித்தனியாக அனுப்புவது மரியாதை.

மார்க் ஷீட்டைப் பொறுத்தவரை தூரம் ஏற்கெனவே ஒழிந்துவிட்டது. சிபிஎஸ்இ சான்றிதழ்கள் டிஜிலாக்கரில் கிடைக்கின்றன. சென்னைக் கல்லூரியில் சேர வரும் தீவு மாணவர், அசல் சான்றிதழ் கப்பலில் வரும் வரை காத்திருக்காமல் அதைக் காட்டலாம். ஆதாரில் இருக்கும் பெயரும் பள்ளிப் பதிவில் இருக்கும் பெயரும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது. தமிழ்ப் பெயர்களின் இனிஷியல் ஒரு இடத்தில் முன்னாலும் இன்னொரு இடத்தில் பின்னாலும் வருவதுதான் அங்கே அடிக்கடி வரும் சிக்கல்.