மலையேறும் குளுக்கோஸ்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் மருந்து வண்டியில் நூறு மில்லி பிடிக்கும் பிளாஸ்டிக் பாட்டில் ஒன்று இருக்கும். டெக்ஸ்ட்ரோஸ், அதாவது குளுக்கோஸ், 25 சதவீதம். உள்ளே 25 கிராம் குளுக்கோஸ், மிச்சமெல்லாம் தண்ணீர். வார்டில் ‘25 டி’ என்றால் போதும், நர்ஸ் கையில் எடுத்துவிடுவார். ரேஷன் கடையில் கிலோ 25 ரூபாய்க்குக் கிடைக்கும் சர்க்கரையில் 25 கிராம் எடுத்தால் முக்கால் ரூபாய்கூட ஆகாது. ஆனால் சுகர் இறங்கி நினைவு தப்பியவர் வாயில் அந்தச் சர்க்கரையைப் போடக் கூடாது. விழுங்க முடியாத நிலையில் அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அதனால்தான் இந்தப் பாட்டில் மலையேற வேண்டியிருக்கிறது.

குளுக்கோஸின் பூர்வீகம் உலர்திராட்சை. 1747-இல் பெர்லினில் மார்க்ராஃப் என்ற வேதியியலாளர் அதிலிருந்து ஒரு சர்க்கரையைப் பிரித்தெடுத்தார். கரும்பிலிருந்து வருவது வேறு, இது வேறு என்று அவருக்குத் தெரிந்தது. பிறகு நெப்போலியன் காலத்துப் போரில் ஐரோப்பாவுக்குக் கரும்புச் சர்க்கரை வருவது தடைபட்டபோது, 1811-இல் பீட்டர்ஸ்பர்க்கில் கிர்க்காஃப் என்பவர் மாவுச்சத்தைக் கந்தக அமிலத்தோடு கொதிக்கவைத்து இனிப்பாக்கிக் காட்டினார். இன்று அமிலத்தின் வேலையை நொதிகள் செய்கின்றன. மாவு பெரும்பாலும் மக்காச்சோளத்திலிருந்து வருகிறது. சேலத்து மரவள்ளி மாவிலிருந்தும் எடுக்கலாம்.

அது வரைக்கும் இது பெரும்பாலும் தின்பண்டச் சரக்கு. இன்சுலினுக்கு முறிவானது டொராண்டோவில், 1921-22 குளிர்காலத்தில். இன்சுலினைச் சுத்தப்படுத்திக்கொண்டிருந்த ஜேம்ஸ் காலிப், அதை முயல்களுக்குப் போட்டுப் பார்த்தார். ரத்தச் சர்க்கரை சரிந்து முயல்கள் வலிப்பு வந்து விழுந்தன. குளுக்கோஸை ஊசியில் ஏற்றியதும் எழுந்தன. இன்சுலினின் வீரியத்தையே கொஞ்ச காலம் முயலை வைத்துத்தான் அளந்தார்கள். ஆக, இன்சுலின் உலகத்துக்கு வந்த அதே அறையில் அதன் முறிவும் வந்துவிட்டது. ஒன்றைக் கொடுக்கும் கை இன்னொன்றையும் கொடுக்க வேண்டும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம். நூறு வருஷம் கழித்தும் இதைச் சொல்ல வேண்டியிருப்பதுதான் எரிச்சலாக இருக்கிறது.

மலைக்கு வருவோம். மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 300 மீட்டர்; பர்லியாறு வழியாக, 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் குன்னூர், ஏறத்தாழ 1,850. ஊட்டி 2,240. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994-இல் வந்த பிறகு, அரசு ஆஸ்பத்திரிகளுக்குக் கிடங்கு வழியாக மருந்து சேரும் ஏற்பாடு ஒழுங்குக்கு வந்தது. 2009 நவம்பர் மாதிரி மண் சரிந்து பாதை அடைபடும் நாட்களை விட்டுவிட்டால், பாட்டில் மேலே வந்து சேருவதில் பெரிய சிக்கல் இல்லை. 2008 செப்டம்பரில் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் வண்டியிலும் அது ஏறிக்கொண்டது. ஊட்டியில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 700 படுக்கைகளோடு அதன் மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறந்தது. சிக்கல் ஆஸ்பத்திரிக்கும் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கும் நடுவில் கிடக்கிற தூரத்தில்.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவரின் காலையை நினைத்துப் பாருங்கள். சுகர் மாத்திரையைப் போட்டுக்கொண்டு, பால் ஊற்றாத ஒரு டீயோடு மஸ்டருக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, ஓட்டம். சாப்பாடு அப்புறம். மழைக்குப் பின் கொழுந்து பொங்கும் மாதங்களில் கிலோவுக்குக் கூடுதல் காசு உண்டு, ஆக உட்கார மனசு வராது. செங்குத்துச் சரிவில் கூடையோடு ஏறி இறங்கும் தசைகள் ரத்தத்துச் சர்க்கரையை இழுத்துக்கொண்டே இருக்கும். 70-க்குக் கீழே வந்தால் கை நடுங்கும். நீலகிரியில் யாருக்குத்தான் கை நடுங்காது, குளிர் என்று விட்டுவிடுவார்கள். 54-க்கும் கீழே போனால் பேச்சு குழறும், கோபம் வரும், கால் தள்ளாடும். ஆண் என்றால் காலையிலேயே ஊற்றிக்கொண்டான் என்று முடிவுகட்டிவிடுவார்கள். இந்த மலையில் நம்பக்கூடிய ஒரே அடையாளம் வியர்வை. பனிமூட்டத்தில், ஸ்வெட்டருக்குள் ஒருவருக்குச் சட்டை நனைந்திருந்தால் சுகரைப் பார்க்க வேண்டும். ரத்தக்கொதிப்புக்கு அட்டெனலால் சாப்பிடுகிறவருக்கு நடுக்கமும் படபடப்பும் அடங்கிப்போகும். வியர்வை மட்டும் அடங்காது.

நினைவு இருக்கும்போதே பிடித்துவிட்டால் பாட்டிலே தேவையில்லை. மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் பவுடர், சுமார் 15 கிராம், தண்ணீரில் கலக்கிக் குடித்து, கால் மணி நேரம் பொறுத்து மறுபடி பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறியதும் சாப்பாடு. சாக்லேட்டும் பால் டீயும் இதற்கு உதவாது, கொழுப்பு சர்க்கரையைத் தாமதப்படுத்தும். மளிகைக்கடைச் சர்க்கரை பரவாயில்லை, ஒரு விதிவிலக்கோடு: வோக்லிபோஸ், அகார்போஸ் சாப்பிடுகிறவர்களுக்கு அது குடலில் சட்டென்று உடையாது. அந்த மாத்திரைகளின் வேலையே அதை உடைய விடாமல் நிறுத்துவதுதான். அவர்களுக்குக் குளுக்கோஸ்தான் வேண்டும். இதை மருந்துச் சீட்டில் ஒரு வரியாக எழுதினால் என்ன குறைந்துவிடும்?

குளுக்ககான் என்றொரு ஹார்மோன் ஊசி இருக்கிறது. 1923-இல் கிம்பலும் மர்லினும் பெயர் வைத்தது. கல்லீரலில் சேமித்திருக்கும் சர்க்கரையை வெளியே தள்ளும். வீட்டார் தொடையில் குத்தலாம், 2019-இலிருந்து மேலைநாடுகளில் மூக்கில் ஊதும் பொடியாகவும் வந்திருக்கிறது. மலையின் சின்ன ஊர் மருந்துக்கடையில் கேட்டுப் பெறும் சரக்கல்ல அது. ஊசி வடிவத்தை 25 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும் என்பார்கள், ஊட்டி அலமாரிக்கு அது சிரமமே இல்லை, ஆனாலும் வரவில்லை. இன்சுலின் போடும் குழந்தைகளின் வீட்டில் அவசியம் இருக்க வேண்டியது. அதே சமயம், பட்டினியோடு வேலை செய்தவரின் கல்லீரலில் தள்ளிவிட இருப்பு இருக்காது, குடித்தவருக்கும் அப்படியே. ஆகவே தோட்டத்துக்கு மீண்டும் 25 டி-தான்.

108 வந்ததும் நரம்பு தேட வேண்டும். குளிரில் கை நரம்புகள் சுருங்கிக் கிடக்கும். கெட்டியான கரைசல் என்பதால் நரம்புக்கு வெளியே கசிந்தால் சதையே புண்ணாகும். பெரிய நரம்பாகப் பார்த்து மெதுவாக ஏற்ற வேண்டும். நெடுநாள் குடித்தவர், வற்றிப்போனவர் என்றால் கூடவே தயாமின், அதாவது பி1 வைட்டமின், போட்டாக வேண்டும். குளுக்கோஸை எரிக்க அது தேவை, இல்லாவிட்டால் மூளை பாதிக்கப்படலாம். இந்த பி1 விஷயத்தில் குன்னூருக்குப் பழைய உறவு உண்டு. அந்தச் சத்து இல்லாததால் வரும் பெரிபெரியை ஆராய 1918-இல் ராபர்ட் மெக்காரிசன் அங்கே பாஸ்டர் நிலையத்தில் உட்கார்ந்தார். அது வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து, இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது. அவருக்குப் பின் அதை நடத்திய அய்க்ராய்டு பிற்காலத்தில் சர்க்கரையின் வரலாற்றையே ஒரு புத்தகமாக எழுதினார்.

மருந்து ஏறிய சில நிமிஷத்தில் கண் திறக்கும். “என்னாச்சு, ஏன் எல்லாரும் நிக்கிறீங்க?” என்ற கேள்வி வரும். மருத்துவத்தில் இவ்வளவு வேகமாகப் பலன் காட்டும் சிகிச்சைகள் குறைவு, அதுவே இதன் ஆபத்தும். எழுந்து உட்கார்ந்தவர் வண்டியில் ஏற மாட்டார். “சரியாயிடுச்சுல்ல, எதுக்கு கீழே போவணும்?” பிள்ளைகள் ஸ்கூலிலிருந்து வருவார்கள், ஒரு நாள் கூலி போகும், குன்னூர் போனால் திரும்ப பஸ் எப்போதோ. ஆனால் 25 கிராம் குளுக்கோஸ் கொஞ்ச நேரத்தில் எரிந்து தீரும். கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை மாத்திரை ஒரு நாள் முழுக்க உடம்பில் நின்று இன்சுலினைச் சுரக்கவைத்துக்கொண்டிருக்கும். சிறுநீரகம் தளர்ந்த வயதானவருக்கு அதற்கும் மேலே. ராத்திரி தூக்கத்தில் மறுபடி இறங்கும்போது பார்க்க ஆள் இருக்காது. முதல் மயக்கத்தைவிட எனக்கு இதுதான் பயம்.

2021 ஆகஸ்டிலிருந்து மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சுகர் மாத்திரை வீட்டு வாசலுக்கு வருகிறது. நல்ல திட்டம், மலைக்கு இன்னும் நல்லது. அந்தப் பையில் ஒரு குளுக்கோஸ் பொட்டலத்தையும் போட்டு, சாப்பிடாமல் மாத்திரை போடாதீர்கள், மயங்கியவர் வாயில் எதுவும் ஊற்றாமல் ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள், எழுந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று பெரிய எழுத்தில் அச்சடித்துக் கொடுக்கலாம். டொராண்டோ முயலுக்குக் கிடைத்தது லைன் வீட்டுக்கும் கிடைக்கட்டும்.

வண்டியில் ஏறிவிட்டவருக்கு வார்டில் பத்து சதவீத டெக்ஸ்ட்ரோஸ் சொட்டு சொட்டாக ராத்திரி முழுக்க ஓடும். மணிக்கொருதரம் விரலில் குத்திப் பார்ப்பார்கள். காலையில் கிரியேட்டினின் எடுத்து, சிறுநீரகம் எப்படி என்று பார்த்து, பழைய மாத்திரையை நிறுத்துவதா, பாதியாக்குவதா என்று டாக்டர் முடிவுசெய்வார். வீட்டுக்குக் கிளம்புமுன் அந்தப் பழைய மாத்திரை அட்டையை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த நாள் மஸ்டருக்கு முன்னால் அதுதான் முதலில் கையில் படும்.