பாற்பண்ணை மானியமும் அறியும் உரிமையும்: கண்டிப் பிரதேசத்தை முன்வைத்து ஒரு நோக்கு

கண்டி நகரைச் சூழ்ந்த சில மைல் பரப்பிற்குள் இலங்கைக் கால்நடைத்துறையின் தலையாய நிறுவனங்கள் பல அமைந்துள்ளன. கெட்டம்பேயில் கால்நடை உற்பத்தி சுகாதாரத் திணைக்களமும், கன்னொருவையில் மிருக வைத்திய ஆராய்ச்சி நிலையமும், குண்டசாலையில் செயற்கைமுறைச் சினைப்படுத்தல் நிலையமும், பேராதனையில் மிருக வைத்திய பீடமும் உள்ளன. ஆயினும் இதே மலைகளில், லயத்தின் பின்புறத்தே ஓரிரு மாடுகளைக் கட்டிவைத்துத் தேயிலைக் காட்டோரம் புல்லறுத்து வரும் தொழிலாளிக்கு, பாற்பண்ணைக்கென அரசு செலவிடும் பணம் எவர் கைக்குச் சென்றது என்பது தெரிவதில்லை. இம்முரண்பாட்டின் வரலாற்றுப் பின்னணியைச் சுருக்கமாக நோக்குவதே எமது நோக்கமாகும்.

சுதந்திரத்தின் பின் பாலுற்பத்தி அரசின் பொறுப்பாக விரிவடைந்தது. 1950களில் பாற்சபையும், 1973இல் தேசிய கால்நடை அபிவிருத்திச் சபையும் தோன்றின. 1978இல் கால்நடைத்துறை விவசாயத் திணைக்களத்தினின்று பிரிந்து தனித் திணைக்களமாயிற்று. இக்காலம் முழுவதும் மானியம் ரொக்கப் பணமாக வழங்கப்பட்டது குறைவு. சலுகை விலையில் நாகு, குறைந்த வட்டியிற் கடன், சினைப்படுத்தற் சேவை என்பனவாகவே அது பெரிதும் அமைந்தது. பொருளாகவும் சேவையாகவும் செல்லும் மானியம் பொதுமக்கள் கண்ணுக்கு எளிதிற் புலப்படாது என்பது இங்கு கருதத்தக்கது.

அண்மைக்கால உதாரணமொன்று இதனைத் தெளிவாக்கும். 20,000 கறவை மாடுகளை இறக்குமதி செய்து தனியார் பண்ணையாளருக்குச் சலுகை அடிப்படையில் வழங்கும் திட்டமொன்றை அரசு வகுத்தது. அதன் முதற்கட்டமாக 2017 முதல் அவுஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் 5,000 மாடுகள் கொண்டுவரப்பட்டன. மாடுகள் பல இறந்தன; எதிர்பார்த்த பாலும் கிடைக்கவில்லை. இக்குறைகளைக் கணக்காய்வு பின்னரே வெளிக்கொணர்ந்தது. எனினும், இழப்பு நிகழ்ந்தபின் அதனைக் கணக்கிடுவது ஒன்று; பணம் செல்லுமுன் மக்கள் அறிவது வேறொன்று.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேற்பட்ட வெளிநாட்டு நிதித் திட்டங்களையும், ஐந்து இலட்சம் ரூபாவுக்கு மேற்பட்ட உள்நாட்டு நிதித் திட்டங்களையும் பற்றிய தகவல்களைப் பணி தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்பே மக்களுக்கு அறிவிக்கும் கடமையை அதன் 9ஆம் பிரிவு விதிக்கின்றது. தனிமனித அந்தரங்கம் இதற்குத் தடையாகாதா எனச் சிலர் வினவலாம். ஐரோப்பாவிலும் இவ்வினா எழுந்தது. விவசாய மானியம் பெற்ற தனியாட்களின் பெயர்களை வேறுபாடின்றி வெளியிடுவது அளவு கடந்ததென 2010இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2013இல் இயற்றப்பட்ட புதிய விதிகளோ சிறுதொகை பெறுவோரின் பெயரை மறைத்து, ஏனையோரின் பெயரை வெளியிட வழிசெய்தன. எளியோனின் அந்தரங்கத்தைக் காத்து, பெருந்தொகை பெறுவோனைப் பொதுக்கணக்குக்கு உட்படுத்தல் இயலும் என்பதே இதனாற் பெறப்படும் பாடமாகும்.

மலையகத்தில் இவ்வுரிமைக்குத் தனி அர்த்தமுண்டு. தகவல் கோரும் உரிமை பிரசைகளுக்கே உரியது. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் நாடற்றவராயினர். அவ்வநீதி சட்ட அளவில் நீங்க 2003 வரை செல்லவேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்து 33ஆம் பிரிவு தோட்டங்களுக்குச் சபை நிதி செல்வதைத் தடுத்து நின்றது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அரசின் ஏடுகளுக்கு வெளியே நெடுங்காலம் நிறுத்தப்பட்ட மக்கள், தாம் மானியப் பட்டியலிலிருந்தும் விடுபட்டனரா என இன்று கேட்கும் தகுதியைப் பெற்றுள்ளனர்.

ஆகவே, மாடு எவருக்கு, எவ்வளவு சலுகையில், எந்த அளவுகோலின்படி வழங்கப்பட்டது என்பதைக் காட்டும் பட்டியல் ஒவ்வொரு மிருக வைத்திய அலுவலகத்திலும் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கவிடப்படல் வேண்டும். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் மட்டுமே அறியும் உரிமை அரை உரிமையே. பாலைக் கறப்பவரும் கணக்கைப் படிக்கும் நாளிலேயே மானியம் மக்களுடையதாகும் என நாம் கருதுகின்றோம்.