கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ்: இசைத்தட்டைக் கையால் பிடித்தவர்

ஜோசப் சாட்லர் 1958 ஜனவரி 1 அன்று பார்படோஸ் தீவின் பிரிட்ஜ்டவுன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்ததால் வளர்ந்ததெல்லாம் பிராங்க்ஸ் பகுதியில். தந்தைக்கு இசைத்தட்டுகள் என்றால் உயிர். பிள்ளைகள் அவற்றைத் தொடக்கூடாது என்பது வீட்டின் கண்டிப்பான விதி. ஜோசப் தொட்டார், அடி வாங்கினார், மறுபடியும் தொட்டார். வீட்டிலிருந்த மின்சாதனங்களையும் கழற்றிப் பார்ப்பார். பின்பு சாமுவேல் காம்பர்ஸ் தொழிற்கல்விப் பள்ளியில் மின்னணுவியல் பயின்றார். அங்கே பெற்ற அறிவுதான் அவரைக் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆக்கியது.

அன்றைய தெற்கு பிராங்க்ஸ் வறுமையும் வேலையின்மையும் நிறைந்த பகுதி. தீப்பிடித்து எரிந்து கைவிடப்பட்ட கட்டடங்கள் தெருத்தெருவாக நின்றன. இளைஞர்கள் பூங்காக்களிலும் குடியிருப்புகளின் பொது அறைகளிலும் ஒலிபெருக்கிகளை வைத்து ஆடினார்கள். 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்விக் அவென்யூ 1520-ஆம் எண் கட்டடத்தில் டிஜே கூல் ஹெர்க் நடத்திய விருந்தை ஹிப்-ஹாப்பின் பிறப்பு என்பார்கள். பாட்டும் மற்றக் கருவிகளும் ஓய்ந்து தாளம் மட்டும் ஒலிக்கும் சில விநாடிகளுக்கு 'பிரேக்' என்று பெயர். கச்சேரியில் தனி ஆவர்த்தனம் வருவதுபோல. கூட்டம் அந்த இடத்தில்தான் துள்ளி ஆடுகிறது என்பதைக் கவனித்த ஹெர்க், இரண்டு இசைத்தட்டுகளைக் கொண்டு பிரேக்குகளையே தொடர்ந்து ஒலிக்கவிட்டார். ஆனால் ஊசியைக் கண் மதிப்பில் வைத்ததால் தாளம் ஒன்றோடொன்று பொருந்தாமல் தடுமாறியது.

இந்தத் தடுமாற்றத்தை ஃபிளாஷ் ஒரு பொறியியல் சிக்கலாகவே அணுகினார். ஊசியைத் தூக்கி வைப்பதை விட்டுவிட்டு, சுழலும் தட்டையே விரல்களால் பிடித்தார். தட்டைத் தொடுவது பெரும் பிழை என்று கருதப்பட்ட காலம் அது. பிரேக் தொடங்கும் இடத்தைத் தட்டின் மேல் கிரேயானால் குறித்துக்கொண்டார். அந்தக் கோடு எத்தனை சுற்றுப் பின்னால் வரவேண்டும் என்று எண்ணித் தட்டைத் திருப்பினால் பிரேக் அதன் தொடக்கத்திலேயே நிற்கும். ஒரே பாட்டின் இரண்டு பிரதிகளை இரண்டு சுழல்மேசைகளில் வைத்து, ஒன்று ஒலிக்கும்போதே மற்றதைத் திருப்பினார். இப்படிப் பத்து விநாடித் தாளத்தைப் பத்து நிமிடமும் அறுந்துபோகாமல் நீட்ட முடிந்தது. தட்டு வழுக்கிச் சுழல்வதற்காக அடியில் கஞ்சி போட்டு விறைப்பாக்கிய கம்பளித் துணியை விரித்தார். அடுத்த தட்டைக் கூட்டம் கேட்பதற்கு முன் தாம் மட்டும் ஹெட்போனில் கேட்டுப் பார்க்க ஒரு சுவிட்சையும் தாமே அமைத்தார். தட்டை முன்னும் பின்னும் உரசி ஒலி எழுப்பும் 'ஸ்க்ராட்ச்' அவருடைய கண்டுபிடிப்பு அல்ல. அது அவரோடு பழகிய சிறுவன் கிராண்ட் விஸார்ட் தியோடருடையது. அதை வளர்த்துப் பரப்பியதில் ஃபிளாஷின் பங்கு பெரிது.

பிரேக்கை நீட்டும் இந்த முறையை முதன்முதலாகச் செய்து காட்டியபோது கூட்டம் ஆடவில்லை; அவருடைய கைகளையே வெறித்துப் பார்த்து நின்றது. மனம் உடைந்தாலும் ஆட்டத்தைத் தூண்ட ஒரு குரல் வேண்டும் என்று அவர் உணர்ந்தார். முதலில் கௌபாய் என்பவர் மைக்கைப் பிடித்தார். மெல்லி மெல், கிட் கிரியோல் ஆகியோரும் பிறகு ஸ்கார்ப்பியோ, ரஹீம் ஆகியோரும் சேர, 'ஃபியூரியஸ் ஃபைவ்' குழு உருவானது. 1979-இல் என்ஜாய் நிறுவனத்துக்கு 'சூப்பர்ராப்பின்' பாட்டைப் பதிவு செய்தார்கள். பின்பு சில்வியா ராபின்சனின் ஷுகர் ஹில் நிறுவனத்துக்கு மாறினார்கள்.

1981-இல் அங்கே வெளிவந்த 'தி அட்வென்ச்சர்ஸ் ஆஃப் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் ஆன் த வீல்ஸ் ஆஃப் ஸ்டீல்' அவருடைய கைகள் மட்டுமே பேசிய படைப்பு. சிக், குயீன், பிளாண்டி முதலிய குழுக்களின் தட்டுகளைச் சுழல்மேசைகளில் கலந்து, ஏழு நிமிடம் ஓடும் புதிய இசையாக்கினார். ஒரு டிஜே இசைக்கலைஞரே என்பதை உலகத்துக்கு நிறுவிய ஆவணம் இதுதான். அவருடைய வாழ்நாள் சாதனையும் இதுவே.

பெரும்புகழ் கொடுத்ததோ 1982-இல் வந்த 'தி மெசேஜ்'. சேரி வாழ்வின் நெருக்கடியைச் சொன்ன அந்தப் பாட்டு, பெரும்பாலும் கொண்டாட்டமாக இருந்த ராப்புக்குச் சமூகக் குரல் தந்தது. அதைப் பெரும்பாலும் உருவாக்கியவர்கள் ஷுகர் ஹில் நிறுவனத்தின் இசைக்கலைஞர் டியூக் பூட்டியும் மெல்லி மெல்லும்; ஃபிளாஷின் சுழல்மேசைக்கு அதில் இடமே இல்லை. நிறுவனத்தின் வாத்தியக்காரர்களும் இயந்திரத் தாளமும் இருந்தபின் டிஜே தேவைப்படவில்லை. ராப் மேடையிலிருந்து பதிவரங்குக்குப் போனபோது அதைப் பெற்றெடுத்த டிஜேக்கள் ஓரங்கட்டப்பட்டார்கள். ஃபிளாஷுக்கு நேர்ந்தது அந்த மாற்றத்தின் முதல் பெரிய அநீதி.

1983-இல் உரிமைத்தொகைக்காகவும் பெயருக்காகவும் ஷுகர் ஹில் மீது அவர் வழக்குத் தொடுத்தார். குழு உடைந்தது. கிட் கிரியோலும் ரஹீமும் அவருடன் எலெக்ட்ரா நிறுவனத்துக்குச் சென்றார்கள். மெல்லி மெல்லும் கௌபாயும் ஸ்கார்ப்பியோவும் தங்கிவிட்டார்கள். எலெக்ட்ராவில் வந்த ஆல்பங்கள் பழைய வீச்சை எட்டவில்லை. 1988-இல் குழு மீண்டும் இணைந்து ஓர் ஆல்பம் வெளியிட்டது. அடுத்த ஆண்டே கௌபாய் இறந்தார்.

அங்கீகாரம் தாமதமாகவே வந்தது. 2002-இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 'தி மெசேஜ்' இடம்பெற்றது. 2007-இல் ஃபிளாஷும் ஃபியூரியஸ் ஃபைவும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டார்கள். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் ஹிப்-ஹாப் குழு அவர்களே. 2019-இல் சுவீடனின் போலார் இசைப் பரிசு ஃபிளாஷுக்கு வழங்கப்பட்டது.